அறுக்கக்கூடாத நிலைப்படி

போடிநாயக்கனூர்,
19 செப்டம்பர் 1938.

கர்த்தருக்குள் பிரியமான மகன் சுந்தர்ராஜுக்கு அம்மா முத்தங்களோடும் ஆசீர்வாதத்தோடும் எழுதிக்கொண்டது. ஆண்டவர் கிருபையால் கடைவீதி வீட்டில் உன் அண்ணன் வேதமாணிக்கம், மதினி ஞானசெல்வி, அவர்கள் பிள்ளைகள் எல்லாரும் சுகம், நம் பழைய வீட்டில் என் இடது தொடையைத் தவிர நானும் சுகம், அதற்கு மட்டும் நீ தனியாக நலம் விசாரித்து எழுது, இங்கே அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் விசாரித்துவிட்டார்கள். பினாங்கில் நீயும் மருமகளும் குழந்தைகளும் சுகமாயிருக்க ஒவ்வொரு ஜெபத்திலும் கேட்டுக்கொள்கிறேன். நீ வரைந்து அனுப்பிய படம் வந்து சேர்ந்தது. நீ வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில் நடக்கமாட்டாதவர்களுக்குப் படிக்குப் பதிலாகச் சரிவும் சுவரோரம் பிடித்து நடக்கக் கட்டையும் வைத்திருக்கிறார்கள், அதே மாதிரி நம் வீட்டிலும் செய்துவிட்டால் அம்மா யார் கையையும் எதிர்பாராமல் நடமாடலாம் என்று அங்குலம் அங்குலமாக அளவு குறித்து எழுதியிருந்தாய், என் மகனுக்கு இத்தனை அக்கறையா என்று அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு அழுதேன். உன் அண்ணனும் அதைக் கடையில் ஆணி அடித்து மாட்டி, ஏலக்காய் வாங்க வந்தவர்கள், வழி கேட்க வந்தவர்கள், மலையிலிருந்து இறங்கிவந்த மலையாளத்தார் எல்லாரையும் கூப்பிட்டு, பாருங்க எங்கம்மாவுக்குச் செய்யப் போறோம் என்று காட்டினான். அந்தப் படம் கடையில் பட்ட கண்ணேறுதான் இத்தனைக்கும் காரணமோ என்று மதினி சொல்கிறாள். நமக்குக் கண்ணேறில் நம்பிக்கை இல்லை என்பதை அவளுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

உனக்குத் தெரியாதது இல்லை, இருந்தாலும் ஊரை விட்டுப் போய் வெகுகாலம் ஆகிவிட்டதே என்று சொல்கிறேன், நம் வீட்டுக்கு ஒரே வாசல். கிணற்றடிக்குப் போனாலும் கக்கூசுக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் அந்த ஒரு நிலையைத் தாண்டித்தான் முற்றத்தில் இறங்க வேண்டும், நிலையின் கீழ்க்கட்டை ஒரு சாண் உயரம், அதில் கால் தடுக்கித்தான் நான் விழுந்து தொடை எலும்பு முறிந்தது. கடமலைக்குண்டிலிருந்து வந்த வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டி எலும்பைச் சேர்த்துவிட்டார், ஆனால் அந்தக் கால் இப்போது தூக்கினால் தூக்காது, தரையோடு இழுத்துக்கொண்டு கம்பு ஊன்றி நடப்பேன். தரையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்தக் கட்டைக்கு முன்னால் வந்து நின்றால் மட்டும் யாராவது வந்து இரண்டு கக்கத்திலும் கை கொடுத்துத் தூக்கி அந்தப் பக்கம் வைக்க வேண்டும், திரும்பி வரும்போது இந்தப் பக்கம் வைக்க வேண்டும். அவசரம் என்றால் என்ன செய்வாய் என்று நீயே யோசித்துப் பார், எனக்கு எழுத வெட்கமாக இருக்கிறது. பால் கொண்டுவருகிற கருத்தம்மாள் காலையிலும் மாலையிலும் வந்து தூக்கிவிடுவாள், அவள் வருகிற நேரத்துக்கு என் வயிற்றைப் பழக்கிவைத்திருந்தேன். கேட்டால் சிரிப்பாய், சிரிக்காதே.

ஆக, செய்ய வேண்டியது என்ன, அந்தக் கட்டையை அறுத்துத் தரையோடு தரையாக்க வேண்டும், வெளியே ஒரு சரிவு போட வேண்டும், அவ்வளவுதான், நீயும் முதல் வரியாக அதைத்தான் எழுதியிருந்தாய். நம் வீட்டிலோ அதற்கு ஒரு சபையே கூடிற்று. ஆசாரி அம்மாவாசி வந்து நூல் பிடித்து அளந்தார், அளந்துவிட்டு ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டார். நிலைப்படியில லெச்சுமி இருக்காம்மா, அறுக்குற கை வெளங்காது என்றார். அவர் அப்படித்தான் சொல்வார், அது அவர் வழி. அண்ணன் இருக்கிறானே, மூன்று தலைமுறையாக வேதக்காரன், சபைக்கு மூப்பன், அவன் உடனே, லெச்சுமியாவது ஒண்ணாவது, அதெல்லாம் இல்ல, ஆனா அப்பா வச்ச நெலையாச்சே, அப்பா மனசு நோகுமே என்றான். உங்கள் அப்பா உயிரோடு இருந்தபோது எதற்குமே மனசு நோகாத மனிதர், செத்த பிறகு ஒரு கட்டைக்காக நோகிறாராம். சபை உபதேசியாரைக் கூப்பிட்டார்கள், அவர் கண்ணை மூடிக்கொண்டு யோசித்து, ஜெபம் பண்ணி வைத்த நிலை, விசுவாசத்துக்கு அடையாளம், அதை அறுப்பது உத்தமம் அல்ல என்றார். மதினி மட்டும்தான் மறைக்காமல், நெலைய அறுத்தா மூத்த ஆம்பளைக்கு ஆகாதுன்னு எங்க தேவதானப்பட்டியில சொல்லுவாக அத்தை என்றாள். நால்வரும் நான்கு காரணம் சொன்னார்கள், லட்சுமி இருக்கிறாள் என்பதில் நால்வருக்கும் சந்தேகமில்லை. ஆசாரி ஒருவர்தான் அதை வாய்விட்டுச் சொன்ன யோக்கியர். ஒரு கிழவி தவழ்ந்து போவது மட்டும் ஒருவர் சாஸ்திரத்திலும் குற்றம் இல்லை.

சரி, கட்டையைத் தொடக்கூடாது, அம்மாவும் போக வேண்டும், என்ன செய்யலாம் என்று உன் அண்ணன் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு யோசித்தான். கட்டையைத் தாழ்த்தக்கூடாது என்றால் தரையை உயர்த்திவிடுவோம் என்று முடிவு செய்தான். கொத்தனாரை வைத்து நிலைக்கு வெளியே ஒரு மேடு, உள்ளே ஒரு மேடு, இரண்டும் கட்டையின் உச்சிக்குச் சமமாக, கல்லும் மண்ணும் கொட்டிச் சுண்ணாம்பு பூசி முடித்தார்கள். நம் ஊரில் குரங்கணி மலை போதாதென்று வீட்டுக்குள்ளேயும் ஒன்று முளைத்துவிட்டது. வேலை நடந்தபோது நான் உள் அறையில் அடைந்து கிடந்தேன், முடிந்ததும் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார்கள். பூச்சு சும்மா இருக்கக்கூடாதே, வருகிறவர்கள் மெச்ச வேண்டுமே, முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காய்த் தண்ணீரும் சேர்த்து முகம் பார்க்கிற அளவுக்கு மெழுகியிருந்தார்கள். ஏறும்மா ஏறு என்று எல்லாரும் கை தட்டினார்கள். ஏறினேன். பாதி ஏறியதும் கம்பு ஒரு பக்கம் வழுக்கிற்று, கால் ஒரு பக்கம் வழுக்கிற்று, நான் உட்கார்ந்த வாக்கில் கீழே வந்து சேர்ந்தேன். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை, பயப்படாதே. உபதேசியார் ஸ்தோத்திரம் சொன்னார். மறுநாள் நிலையின் மேலே ஒரு வளையம் மாட்டிக் கிணற்றுக் கயிற்றைக் கட்டித் தொங்கவிட்டு, அதைப் பிடித்து ஏறுங்க என்றான் உன் அண்ணன். உன்னைப் பெற்ற வயிறு, எழுபதை நெருங்குகிற வயதில் கயிறு பிடித்து மலை ஏறுகிறது, பினாங்கில் உன் சிநேகிதர்களிடம் சொல்.

நீ எழுதிய கைப்பிடிக் கட்டை என்ன ஆயிற்று என்று கேட்பாய். கக்கூசுக்குப் போகிற சுவரோரமாக அடிக்கும்படி எழுதியிருந்தாய், அங்கன வச்சா யாரு பாக்கப் போறா என்று கூடத்தில் அடித்துவிட்டார்கள். தேக்கு மரம், கடைசல் பிடித்தது, இரண்டு முனையிலும் தாமரை மொட்டு. உயரம் நீ குறித்த அளவு இல்லை, ஆசாரி உன் அண்ணனை நிற்கவைத்து அளந்துவிட்டார், நான் அதைப் பிடித்தால் வௌவால் மாதிரி தொங்க வேண்டும். இப்போது அதில் அண்ணன் வந்தால் கழற்றுகிற கோட்டும், கிணற்றில் குளிக்க வருகிற மதினி பிள்ளைகளின் ஈரத்துணியும் தொங்குகின்றன, அவற்றுக்கு நல்ல வசதி. நடுவில் துளை வைத்து ஒரு நாற்காலியும் வரைந்திருந்தாயே, கீழே சட்டி வைத்து மழைநாளில் அறைக்குள்ளேயே உபயோகிக்கலாம் என்று, அதையும் ஆசாரி செய்தார், ஆனால் நடுவில் இருந்த வட்டத்தைத் தம்பி பேனாவுல மை சிந்திருச்சு போல என்று முடிவு செய்து அழகாகப் பிரம்பு பின்னி அடைத்துவிட்டார். நம் வீட்டிலேயே உயர்ந்த ஆசனம் இப்போது அதுதான், உபதேசியார் வந்தால் அதில்தான் உட்காருகிறார், நான் ஒன்றும் சொல்லவில்லை, நீயும் யாருக்கும் எழுதாதே.

இதோடு விட்டதா என்றால் இல்லை. முன்பெல்லாம் கட்டையைத் தாண்டித் தாழ்ந்த தரையில் கால் வைப்போம், தலைக்கு மேலே இடம் இருக்கும். இப்போது மேட்டு உச்சியில் நின்றுகொண்டு நிலைக்குள் நுழைய வேண்டும், ஆள் ஒரு சாண் உயர்ந்துவிட்டான், மேல்கட்டை அங்கேயே இருக்கிறது. முதலில் உன் அண்ணன் இடித்துக்கொண்டான், நெற்றி புடைத்தது. பிறகு மதினியின் அப்பா, சம்பந்தி வீட்டுக்கு வந்த மரியாதைக்குத் தலைப்பாகை கீழே விழ இடித்துக்கொண்டார். உபதேசியார் ஜெபத்துக்குத் தலை குனிவாரே ஒழிய வாசலுக்குக் குனியமாட்டார், அவர் வருகிற போதும் இடித்தார், போகிற போதும் இடித்தார். இடிக்காத ஆள் நான் ஒருத்திதான், என் உயரத்துக்கு அந்தப் பாக்கியம். பெரியவர்கள் நெற்றியெல்லாம் புடைத்த பிறகுதான் இந்த வாசலில் ஏதோ கோளாறு என்று ஊருக்கே தெரிந்தது, அதுவரை ஒரு கிழவியின் தொடை முறிந்ததெல்லாம் கோளாறில் சேர்த்தி இல்லை.

இப்போது முக்கியமான சங்கதிக்கு வருகிறேன், நீ கொஞ்சம் நிதானமாகப் படி. போன வாரம் உன் அண்ணன் வந்து அந்த உயர்ந்த ஆசனத்தில் உட்கார்ந்துகொண்டு, இந்த வீடு இனிமே உங்களுக்குச் சரிப்படாதும்மா, எவ்வளவோ செஞ்சு பாத்தாச்சு, கடைவீதி வீட்டுக்கு வந்துருங்க, இங்கன மூட்டைகளப் போட்டுக்கிறோம் என்றான். எனக்கு அப்போதுதான் கண் திறந்தது. வெளியே போட்ட மேடு அவன் கடைத் தள்ளுவண்டியின் அகலம். மூட்டை வண்டி ஏறி இறங்க அது அவ்வளவு சுகமாக இருக்கிறது, கிழவி ஏறத்தான் ஆகாது. திட்டம் போட்டே செய்தான் என்று நான் சொல்லமாட்டேன், அவன் என் வயிற்றில் பிறந்தவன், கெட்டவன் இல்லை. எதைச் செய்தாலும் பாதியில் அவன் கை தன்னால் வியாபாரத்துக்குத் திரும்பிவிடும், அவ்வளவுதான். வீடு உங்கள் இரண்டு பேர் பேரிலும் அப்பா எழுதிவைத்தது, தம்பி என்ன சொல்வான் என்று கேட்டேன். தம்பி எழுதிட்டானே, அண்ணன் எது செஞ்சாலும் எனக்குச் சம்மதம்னு எழுதியிருக்கானே என்றான்.

அண்ணன் வீட்டில் என்ன குறை என்று நீ கேட்பாய். ஒரு குறையும் இல்லை. மாடியில் காற்றோட்டமான அறை, கட்டிலுக்குப் பக்கத்தில் ஆட்டினால் ஆள் வருகிற மணி, வேளாவேளைக்குச் சோறு மேலேயே வந்துவிடும். கக்கூஸ் கீழே, மாட்டுக்கொட்டகைக்கு அப்பால். மணியை ஆட்டினால் ஆள் வரும், வந்து படிக்கட்டில் என்னைச் சாமி தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு இறங்கும், வழியில் ஏலக்காய் பொறுக்குகிற பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், முதலாளியம்மாவுக்கு வருது போல என்று ஒருத்தி பார்ப்பாள், இன்னொருத்தி பார்க்காத மாதிரி பார்ப்பாள். மணியை ஆட்டுவதற்குப் பதில் நான் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவேன், எனக்கு என்னைத் தெரியும். நான் பயப்படுகிறேன் சுந்தர்ராஜ், வேறு யாரிடமும் இதைச் சொல்லவில்லை. சாவுக்குப் பயமில்லை. எழுந்திருக்க ஒருவர், உட்கார ஒருவர் என்று ஆகி, அப்புறம் என்னிடம் எதையும் கேட்காமலேயே என்னை அங்கேயும் இங்கேயும் எடுத்து வைப்பார்களே, அதற்குத்தான் பயம்.

சனிக்கிழமை ஆசாரி குச்சனூருக்குப் போனார், நிலைப்படியை அளந்த பாவத்துக்குச் சனீஸ்வரருக்கு எள்விளக்குப் போட, அளந்ததற்கே விளக்கு. எண்ணெய் உன் அண்ணன் கடையிலிருந்து, சபை மூப்பனுக்கு அதில் ஒரு தடங்கலும் இல்லை. சாமான் பையை நம் கூடத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தார். கருத்தம்மாள் பால் ஊற்ற வந்தாள், அவளிடம், கடப்பாரை கொண்டு வாடி, இந்த மலையை உடை என்றேன். உள் மேட்டை அவள் பெயர்த்துப் போட்டாள், வெளி மேட்டின் தலையையும் வீட்டுத் தரை மட்டத்துக்குச் சீவினாள், அந்தக் கல்லையும் மண்ணையும் கொண்டுபோய் வெளிச் சரிவை முற்றத்தில் நீளமாக இழுத்துவிடச் சொன்னேன், நீ எழுதிய அளவுதான், நீளம் கூடினால் ஏற்றம் தெரியாது என்று எழுதியிருந்தாயே. மேலே ஆற்றுமணலையும் சுண்ணாம்பையும் குழைத்துச் சொரசொரப்பாகப் பூசினாள். பிறகு நான் தரையில் உட்கார்ந்துகொண்டு ரம்பத்தை எடுத்தேன். ஆத்தா, கடப்பாரை எம்புட்டு வேணாலும் பிடிக்கிறேன், அதைய மட்டும் என் கையில குடுத்துராதீக, எம் புருசனுக்கு ஏற்கெனவே ஏழரை ஓடுது என்று சொல்லிவிட்டு அவள் தெருப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், ஆனால் கட்டை ஆடாமல் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். முகம் பார்க்காவிட்டால் காலுக்குப் பாவம் இல்லைபோலிருக்கிறது. வேங்கைக் கட்டையாயிற்றே, சாயங்காலம் வரை ஆகும் என்று நினைத்தேன், முதல் இரண்டு இழுப்புக்குத்தான் வைரம் பாய்ந்த மரம், அப்புறம் உள்ளே முழுக்கக் கறையான். மேலே இத்தனை பேர் இத்தனை காரணம் சொல்லிக் காத்த கட்டை, உள்ளே புட்டு மாதிரி உதிர்ந்தது. அன்று எனக்கு வெந்நீர் போட்டது அந்த விறகில்தான்.

தரையும் வாசலும் ஒன்றாகிவிட்டன. கருத்தம்மாள் கை கொடுக்க வந்தாள், வேண்டாம் என்றேன். கம்பை ஊன்றிக் காலை இழுத்துக்கொண்டு நிலையைத் தாண்டினேன், சரிவில் இறங்கினேன், முற்றத்தைக் கடந்து கக்கூசுக்குப் போய்க் கதவை நானே தாழ்போட்டுக்கொண்டேன். உள்ளே உட்கார்ந்து அழுதேன், சந்தோஷத்தில். இதைப் படித்து நீ முகம் சுளித்தால் சுளித்துக்கொள். ஒருவரையும் கூப்பிடாமல், யார் வருகிற நேரத்தையும் பார்க்காமல், வேண்டியபோது போய் வருகிறது என்றால் என்ன என்று, இரண்டு காலும் இருக்கிற உனக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

சாயங்காலம் அண்ணன் வந்தான், குனிந்துகொண்டே வந்தான், பழக்கம். இடிக்காமல் உள்ளே வந்துவிட்டதும்தான் கீழே பார்த்தான். என்னம்மா இப்பிடிப் பண்ணிப்புட்டீக, ஊரு என்ன சொல்லும் என்று தலையில் கை வைத்துக்கொண்டான். ஊர் குனியாமல் வரும் என்றேன். மதினி அவனுக்கு நாடி பார்க்கிற மாதிரி அன்று படுக்கிற வரைக்கும் அவனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள், மூத்த ஆம்பளைக்கு ஒன்றும் ஆகவில்லை, ராத்திரி வழக்கத்தைவிட இரண்டு கை சோறு கூடத்தான் சாப்பிட்டான் என்று அவளே வந்து சொன்னாள். ஆசாரி திரும்பி வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார், போட்டுக்கொண்டுவிட்டு, பாம்பு எலி நுழையாமல் கதவின் அடியில் ஒரு பலகை சேர்த்து அடித்துக் கொடுத்தார், தாமரை மொட்டுக் கட்டையையும் கழற்றிக் கக்கூஸ் சுவரில் என் இடுப்பு உயரத்துக்கு அடித்தார், அறுத்த பிறகு செய்கிற வேலைக்குப் பாவம் இல்லையாம். ஆனால் அண்ணன் மனசு மாறவில்லை. தனியா விழுந்து கிடந்தா யாரு பாப்பா, நாளைக்கு ஏதாச்சும் ஆனா தம்பிக்கு நா என்ன பதில் சொல்ல, தம்பியே சம்மதிச்சுட்டான், அடுத்த மாசம் மூட்டை வந்துரும், அதுக்குள்ள தயாராகுங்க என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

விழுவேன்தான். விழாமல் இருப்பேன் என்று நான் யாருக்கும் சத்தியம் செய்து கொடுக்கவில்லை. நடக்கிறவள் விழுவாள், விழுந்தால் என் வீட்டில் விழுகிறேன், கருத்தம்மாள் காலையும் மாலையும் வருகிறாள், கூப்பிடு தூரத்தில் அண்ணன் கடை இருக்கிறது. உன்மேல் எனக்கு வருத்தம் அண்ணன்மேல் இருப்பதைவிட அதிகம். அவனாவது தப்பும் தவறுமாக எதையோ செய்தான், பக்கத்தில் நின்று இடித்துக்கொண்டான். நீ கடல் கடந்து உட்கார்ந்துகொண்டு சரிவு இத்தனை நீளம், நாற்காலி இத்தனை உயரம், கட்டைக்கும் சுவருக்கும் இடையே கை நுழைய இத்தனை அங்குலம் என்று கண்ணும் கருத்துமாக எழுதினாய். எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் மரியாதைக்காக, அண்ணன் எது செய்தாலும் சம்மதம் என்று ஒரு வரி சேர்த்தாய். கை எங்கே பிடிக்க வேண்டும் என்று எழுதத் தெரிந்த பிள்ளைக்கு, அம்மா எங்கே இருக்க வேண்டும் என்று எழுதத் தெரியவில்லை.

மருமகளுக்கு நான் சொன்னதாகச் சொல், பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கிறவள் ஈரத்தரையில் நடக்கும்போது கவனமாக இருக்கட்டும், பெரியவனுக்கு இருமல் என்று எழுதியிருந்தாய், சுக்கும் திப்பிலியும் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுக்கவும், நம் ஏலக்காய் கொஞ்சம் யாராவது கப்பலுக்குப் போனால் கொடுத்துவிடுகிறேன். சபைக்குப் போவதை விடாதே. உனக்கும் உன் வீட்டாருக்கும் போக்கிலும் வரத்திலும் ஆண்டவர் துணையாயிருந்து, நீடித்த ஆயுளும் நல்ல கால்களும் கொடுத்துக் காப்பாராக. மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்றுதான். இந்தக் கடிதத்துக்கு எனக்குப் பதில் எழுத வேண்டாம், அண்ணனுக்கு எழுது, அம்மா அந்த வீட்டிலேயே இருக்கட்டும் என்று அவனுக்குப் புரிகிற மாதிரி எழுது. அடுத்த கப்பலில் உன் எழுத்து வராவிட்டால் அதைச் சம்மதம் என்றுதான் அவன் எடுத்துக்கொள்வான். நானும் அப்படித்தான் எடுத்துக்கொள்வேன்.

இன்று வரை இதே வீட்டில் இருக்கும்
உன் பிரியமுள்ள அம்மா,
அன்னத்தாய்.